பாஸ்வேர்ட் சுவத்துல, பேர் ஓனர் அக்காவோடது



கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்துல ஒரு லைன் வீடு. எட்டு ரூம். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பசங்க ஆறு ரூம்ல. மீதி ரெண்டுல நம்ம தென்மாவட்டத்துல இருந்து வேலைக்கு வந்த குடும்பங்க. எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு இன்டர்நெட் கனெக்‌ஷன். அது வீட்டு ஓனர் அக்கா பேர்ல இருக்கு. வாடகையோட ரூமுக்கு நூறு ரூபாய் நெட்டுக்குன்னு வாங்கிக்குவாங்க.

"நெட்டு ரொம்ப ஸ்லோவா இருக்கு, வந்து என்னன்னு பாரு தம்பி"ன்னு அக்கா கூப்பிட்டாங்க. இன்ஜினியரிங் முடிச்ச பையன்னா தெருவுல இருக்குற எல்லா மோடத்துக்கும் நாமதான் டாக்டர். போனேன்.

மாடிப்படிக்குக் கீழ சுவத்துல கரித்துண்டால பத்து இலக்கம் எழுதியிருக்கு. அக்காவோட போன் நம்பர். அதான் வைஃபை பாஸ்வேர்டும். கனெக்‌ஷன் கொடுக்க வந்த பையன் வெச்சுட்டுப் போனது, மூணு வருஷமா மாத்தவே இல்ல. ரூட்டர் செட்டிங்ஸுக்குள்ள நுழைய பேர் 'அட்மின்', பாஸ்வேர்டும் 'அட்மின்'. உள்ளே பார்த்தா 34 கருவி கனெக்ட் ஆகியிருக்கு. குடியிருக்கிறவங்க 19 பேர்.

"மீதி எல்லாம் யாருக்கா?"

"காலி பண்ணிட்டுப் போன பசங்க பக்கத்துலதான இருக்காங்க, அவங்களா இருக்கும். எதிர்க் கடைக்காரரும் கேட்டாரு, கொடுத்தேன். என்ன தம்பி பண்ணிடப் போறாங்க?"

அந்தக் கேள்விக்கு அங்கேயே நின்னு சுருக்கமா ஒரு பதில் சொன்னேன். முழு பதிலை இங்க எழுதுறேன். ஏன்னா நம்ம தோழர்கள் முக்கால்வாசிப் பேர் வீட்டுலயும் நிலைமை இதான்.

2008 ஜூலை 26. அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு, 56 பேர் செத்துப்போனாங்க. குண்டு வெடிக்கிறதுக்குச் சில நிமிஷம் முன்னாடி ஊடகங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்துச்சு. அது எங்கிருந்து போனதுன்னு போலீஸ் தேடிப் போனா, நவி மும்பை சான்பாடாவில் ஒரு அமெரிக்கர் குடியிருந்த ஃபிளாட்டுல போய் நின்னுச்சு. அவர் வீட்டு வைஃபைக்குப் பூட்டே கிடையாது. யாரோ அதுல நுழைஞ்சு அனுப்பியிருக்காங்க. அந்த மனுஷன் விசாரணைக்கு ஆளாகி, கம்ப்யூட்டரைப் பறிகொடுத்து, உலகம் பூரா செய்தியில பேர் வந்த பிறகுதான் அவருக்குத் தொடர்பு இல்லைன்னு தெளிவாச்சு.

அதோட நிக்கல. ஆகஸ்ட்ல மும்பை மாதுங்கா கால்சா கல்லூரி வைஃபை வழியா அடுத்த மின்னஞ்சல். செப்டம்பர் 13 டெல்லி குண்டுவெடிப்பு அன்னைக்கு, செம்பூர்ல ஒரு தனியார் கம்பெனி வைஃபை வழியா இன்னொண்ணு. ஒரு வீடு, ஒரு காலேஜ், ஒரு கம்பெனி. மூணு இடத்துலயும் சொந்தக்காரங்களுக்கு எதுவுமே தெரியாது. 2009 ஜனவரியில மும்பை போலீஸ் தெருத்தெருவா போய் பூட்டாத வைஃபை எங்க இருக்குன்னு தேட ஆரம்பிச்சாங்க. பிப்ரவரியில தொலைத்தொடர்புத் துறை இன்டர்நெட் கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டுச்சு: வைஃபை பயன்படுத்துறவர் யாருன்னு அடையாளம் தெரியணும், பாதுகாப்பில்லாத வைஃபை இருக்கக் கூடாதுன்னு.

இது நடந்து பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னைக்கும் அக்கா வீட்டுல அட்மின்-அட்மின்தான்.

போலீஸ் எப்படிக் கண்டுபிடிப்பாங்கன்னு தெரிஞ்சாதான் இதோட ஆபத்து புரியும். ஒரு மோசடியோ மிரட்டலோ நடந்தா, எந்த ஐபி முகவரியில இருந்து எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு எடுப்பாங்க. இன்டர்நெட் கம்பெனிகிட்ட கேட்டா, அந்த நேரத்துல அந்த முகவரியில இருந்த வாடிக்கையாளர் பேரும் விலாசமும் வரும். அவ்வளவுதான். வாசல் வரைக்கும் வழி தெரியும். வாசலுக்கு உள்ளே எட்டு ரூம்ல எந்த போன்ல இருந்து போச்சுன்னு கம்பெனிக்குத் தெரியாது. நம்ம வீட்டு சாதாரண ரூட்டர்ல உருப்படியான பதிவும் இருக்காது. கொஞ்சநஞ்சம் இருந்தாலும் கரண்ட் போய் வந்தா அழிஞ்சுடும். நம்ம பக்கம் கரண்ட் போறதுக்குச் சொல்லவா வேணும்.

அப்போ முதல்ல பதில் சொல்ல வேண்டியது ஓனர் அக்கா. அடுத்து? லைன் வீட்டுல இந்தி பேசுற இருபது வயசுப் பையன் யாரு இருக்கான்னு பார்ப்பாங்க. நம்ம ஊர்ல எதுன்னாலும் முதல் சந்தேகம் யார் மேல விழுதுன்னு நமக்குத் தெரியாதா? ஷிஃப்ட் முடிஞ்சு அம்மாவுக்கு வீடியோ கால் போட நூறு ரூபாய் கொடுத்தவன், யாரோ பண்ணினதுக்கு ஸ்டேஷன்ல போய் உட்காரணும். என்னை உறுத்துறது இதான்.

இந்த இடத்துல வழக்கமா ஒரு அறிவுரை வரும். 'வைஃபையை யாருக்கும் கொடுக்காதீங்க.' இதை நான் ஏத்துக்க மாட்டேன். அது தனி வீடு, தனி கனெக்‌ஷன், ஆளுக்கொரு டேட்டா பேக்கேஜ்னு இருக்கிறவங்க சொல்ற அறிவுரை. 2020 ஊரடங்குல ஆன்லைன் கிளாஸ் நடந்தப்போ எத்தனை பிள்ளைங்க பக்கத்து வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து படிச்சாங்க? பகிர்றது நம்ம ஊர்ல நல்ல பழக்கம். அதை நிறுத்தச் சொல்லாம, பூட்டி வெச்சுப் பகிரச் சொல்லுவோம்.

எப்படின்னு சொல்றேன். ரொம்ப ரூட்டர்கள்ல ஒரே பெட்டியில ரெண்டு மூணு வைஃபை பேர் வெச்சுக்கலாம். கெஸ்ட் நெட்வொர்க்னு இருக்கும். வீட்டுக்கு ஒண்ணு, குடித்தனக்காரங்களுக்கு ஒண்ணு. கெஸ்ட்ல இருக்கிறவங்களுக்கு நெட் கிடைக்கும், ஆனா அக்கா வீட்டு டிவி, கேமரா, கம்ப்யூட்டர் பக்கம் போக முடியாது. யாராவது ரூம் காலி பண்ணினா சாவியைத் திருப்பி வாங்குறோம்ல, அன்னைக்கே கெஸ்ட் பாஸ்வேர்டையும் மாத்திடணும்.

போன் நம்பரைப் பாஸ்வேர்டா வைக்கிறது ஏன் தப்புன்னு ஒரு கணக்கு. நம்ம நாட்டு மொபைல் நம்பர் 6, 7, 8, 9ல தொடங்கும். மொத்தமே 400 கோடிதான் சாத்தியம். ஒரு போன் உங்க வைஃபைல கனெக்ட் ஆகுறப்போ காத்துல போற தகவலை ஒருத்தன் பிடிச்சு வெச்சுக்கிட்டா, அப்புறம் அவன் உங்க வீட்டு வாசல்ல நிக்கத் தேவையில்ல. நல்ல கேமிங் கம்ப்யூட்டர் நொடிக்குப் பத்து லட்சம் பாஸ்வேர்டைப் போட்டுப் பார்க்கும். 400 கோடியும் முடிய 4,000 நொடி, அதாவது ஒரு மணி ஏழு நிமிஷம். உங்க நம்பரே தெரிஞ்ச பக்கத்து வீட்டுக்காரருக்கு அதுவும் வேணாம். சம்பந்தமே இல்லாத நாலு தமிழ் வார்த்தையை இங்கிலீஷ் எழுத்துல சேர்த்து எழுதுங்க. அம்மி, தாழ்வாரம், முறுக்கு, புதன்கிழமை... இந்த மாதிரி. (இதையே வெச்சுடாதீங்க!) உங்களுக்கு மறக்காது, இன்னொருத்தருக்குக் கிடைக்காது.

அதோட அட்மின் பாஸ்வேர்டை மாத்துங்க. பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3ல இருக்கான்னு பாருங்க. பட்டன் அமுக்கி கனெக்ட் பண்ணுற டபிள்யூபிஎஸ்ஸை அணைச்சுடுங்க. அதோட எட்டு இலக்க பின்னை 11,000 முயற்சிக்குள்ள கண்டுபிடிச்சுடலாம்னு 2011லயே நிரூபிச்சுட்டாங்க.

பணம் வாங்குற விஷயம் ஒண்ணு இருக்கு. நெட்டுக்குன்னு தனியா காசு வாங்குறது, பார்க்கப்போனா விற்பனை. வீட்டுக் கனெக்‌ஷனை அப்படி விக்க இன்டர்நெட் கம்பெனிகளோட ஒப்பந்தம் பொதுவா இடம் கொடுக்காது. இதுக்கு நேர் வழியே இருக்கு. 2020 டிசம்பர்ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பி.எம். வாணி திட்டத்துல ஒரு டீக்கடை, மளிகைக் கடைகூட லைசென்ஸ், கட்டணம் எதுவும் இல்லாம பொது வைஃபை கொடுத்துச் சம்பாதிக்கலாம். வர்றவங்க ஆப்ல போன் நம்பரை ஓடிபி போட்டு உறுதி பண்ணிட்டு உள்ளே வருவாங்க. யார் எப்போ வந்தாங்கன்னு பதிவு இருக்கும். எட்டு ரூம் அக்காவுக்கும், அந்தப் பசங்களுக்கும் இதுதான் பாதுகாப்பு. ஆனா சிப்காட் பக்கம் எத்தனை டீக்கடைக்காரர்கிட்ட யாராவது போய் இதைச் சொல்லியிருக்காங்க?

கம்பெனிகளும் சும்மா இல்ல. சின்னச் சின்ன ஃபேப்ரிகேஷன் யூனிட்ல ஆபீஸ் கம்ப்யூட்டர், அட்டெண்டன்ஸ் மிஷின், சிசிடிவி, வந்து போற லாரி டிரைவரோட போன் எல்லாம் ஒரே வைஃபைல ஓடுது. 2016 அக்டோபர்ல மிராய்னு ஒரு வைரஸ், கம்பெனியில இருந்து வர்ற பாஸ்வேர்டை மாத்தாத கேமரா, ரூட்டர்களைப் பிடிச்சு, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல மணி நேரம் தடுமாற வெச்சுது. அதுக்குத் தேவைப்பட்டது வெறும் அறுபது சொச்சம் ஜோடி பேரும் பாஸ்வேர்டும்தான். அதுல அட்மின்-அட்மினும் ஒண்ணு. அமெரிக்காவுல டிஜேஎக்ஸ்னு பெரிய கடைக் கம்பெனி. ஓட்டைன்னு 2001லயே தெரிஞ்ச பழைய வகைப் பூட்டைக் கடை வைஃபைக்குப் போட்டு வெச்சிருந்தாங்க. அது வழியா நுழைஞ்சவங்க 4 கோடியே 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்டு விவரத்தை அள்ளிட்டாங்க. 2007ல வெளியே வந்துச்சு. பெரிய கம்பெனிக்கே அந்தக் கதின்னா, பத்துப் பேர் வேலை பார்க்குற யூனிட்ல சம்பளப் பட்டியலும் ஆதார் நகலும் இருக்குற கம்ப்யூட்டரை யோசிச்சுப் பாருங்க.

ஊருக்கு உபதேசம் பண்ணிட்டு நம்மளைப் பத்திச் சொல்லலைன்னா எப்படி? நான் போய் வர்ற நம்ம கிளை அலுவலக வைஃபை பாஸ்வேர்ட் என்ன தெரியுமா? தலைவர் பேரும் தேர்தல் வருஷமும். யாரா இருந்தாலும் மூணாவது முயற்சியில வந்துடுவாங்க. அதே நெட்வொர்க்ல இருக்குற கம்ப்யூட்டர்ல பூத் கமிட்டி ஆட்களோட போன் நம்பர், வீட்டு விலாசம், பெண் தோழர்களோட விவரம் எல்லாம் பொதுவா திறந்து கிடக்கு. நம்மை நம்பிக் கொடுத்த விவரம் அது. எதிர்க்கட்சி ஆபீஸ்லயும் இதே கதைதான்னு எனக்கு நல்லாவே தெரியும். அதுல நமக்கு என்ன பெருமை?

பொறுப்பு முழுக்க அக்கா தலையில போடுறதையும் நான் ஒத்துக்கல. பிரிட்டன்ல 2024 ஏப்ரல்ல இருந்து, எல்லாப் பெட்டிக்கும் ஒரே பொதுப் பாஸ்வேர்ட் போட்டு விக்கக் கூடாதுன்னு சட்டம். இங்க புதுசா விக்குற கருவிக்கு விதி வர்றது ஒரு பக்கம் இருக்கட்டும். ஏற்கெனவே சுவத்துல தொங்குற பெட்டிக்கு யார் பொறுப்பு? சில கனெக்‌ஷன்ல அட்மின் பாஸ்வேர்டையே வாடிக்கையாளருக்குச் சொல்ல மாட்டேங்கிறாங்க. பூட்டு அவங்களோடது, பழி மட்டும் நம்மளோடதா?

கனெக்‌ஷன் கொடுக்குறவர் வாடிக்கையாளர் முன்னாடியே புதுப் பாஸ்வேர்ட் வெச்சு, கெஸ்ட் நெட்வொர்க் திறந்து காட்டி, தமிழ்ல ஒரு பக்கத் தாளைக் கையில கொடுத்துட்டுத்தான் போகணும்னு தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போடணும். தமிழ்நாட்டோட 12,525 ஊராட்சிகளையும் ஃபைபர்ல இணைக்கிற வேலை டான்பிநெட் மூலமா நடக்குது. அந்தக் கேபிள் நுழையுற ஊராட்சி அலுவலகம், பள்ளிக்கூடத்துல இருந்தே இதைத் தொடங்கலாம். இந்தக் கோரிக்கையை மாவட்டத் தகவல் தொழில்நுட்ப அணி வழியா எழுதிக் கொடுக்கப் போறோம்.

அக்கா வீட்டுல வேலை நாப்பது நிமிஷத்துல முடிஞ்சுது. பாஸ்வேர்ட் மாத்தினதும் 34 கருவி 17 ஆச்சு. நெட்டும் வேகமாயிடுச்சு. எதிர்க் கடைக்காரர் மட்டும் என்னைப் பார்த்தா முறைக்கிறாரு.

வர்ற ஞாயிறு காலை பத்து மணிக்கு முதல்ல நம்ம கிளை அலுவலகத்தைச் சரி பண்ணுறோம். அப்புறம் ரெண்டு ரெண்டு பேரா பைபாஸ் பக்கத்து லைன் வீடுகளுக்குப் போறோம். இந்தி தெரிஞ்ச தோழர்கள் கட்டாயம் வாங்க. உதவி வேணுங்கிறவங்க பக்கத்துக்கு மெசேஜ் பண்ணி ஊர் பேர் மட்டும் சொல்லுங்க. ரூட்டருக்கு அடியில இருக்குற ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பிடாதீங்க, பாஸ்வேர்ட் அதுலதான் இருக்கும். நாங்களே நேர்ல வர்றோம்.

— தகவல் தொழில்நுட்ப அணி தன்னார்வலர், கும்மிடிப்பூண்டி