வெரோனாவில் அவசரப்பட்டவர்கள்

ரோமியோ ஜூலியட்டின் சாவுக்குக் காரணம் என்ன என்று கேட்டால், வகுப்பறைகளில் இரண்டு விடைகள் தயாராக இருக்கின்றன: விதி, இல்லையேல் இளமையின் அவசரம். இரண்டுக்கும் நாடகத்தில் இடமிருக்கிறது. தொடக்கப் பாட்டே நட்சத்திரங்களின் மேல் பழி போடுகிறது. ஞாயிறு இரவு விருந்தில் பார்த்துக்கொண்டவர்கள் திங்களன்று மணம் முடிக்கிறார்கள். ஆனால் கிழமை கிழமையாகக் கணக்குப் பார்த்தால், அவர்களைக் கொன்ற அவசரம் பெரியவர்களுடையது என்பது தெரியவரும்.

பிரபு பாரிஸ் பெண் கேட்டு வரும்போது ஜூலியட்டின் தந்தை கபுலெட் நிதானமாகத்தான் பேசுகிறார். மகளுக்குப் பதினான்கு நிறையவில்லை, இரண்டு கோடை போகட்டும், அவள் சம்மதமும் வேண்டும் என்கிறார். ஜூலியட்டின் உறவினன் டைபால்ட், பகைக் குடும்பத்து ரோமியோவின் கையால் கொலையுண்ட திங்கள் இரவே அந்த நிதானம் போய்விடுகிறது. மகளை ஒரு வார்த்தை கேட்காமல் வியாழனன்று கல்யாணம் என்று நாள் குறிக்கிறார். மறுத்தவளைத் தெருவில் பிச்சையெடுத்துச் சாகச் சொல்கிறார். செவ்வாயன்று அவள் பணிவதுபோல் நடித்ததும், மகிழ்ச்சி தாளாமல் கல்யாணத்தைப் புதனுக்கு இழுக்கிறார். எல்லாவற்றையும் குலைத்தது இந்த ஒரு நாள்தான். இந்தக் கல்யாணத்திலிருந்து தப்பிக்க, ரோமியோவுக்கு அவளை மணம் முடித்துவைத்த பாதிரியார் லாரன்ஸ் தந்த மருந்து, குடித்தவரை 42 மணி நேரம் பிணம்போல் கிடத்தும். புதன் இரவு குடிக்க வேண்டியதை ஜூலியட் செவ்வாய் இரவே குடிக்கிறாள். நாடுகடத்தப்பட்டு மான்டுவாவில் இருக்கும் ரோமியோவுக்கு இந்தத் திட்டத்தைச் சொல்லும் கடிதம் போய்ச் சேர ஒரு நாள் குறைந்துவிடுகிறது.

கொள்ளைநோய்ச் சந்தேகத்தில் கடிதம் கொண்டுபோனவர் ஒரு வீட்டுக்குள் அடைபட்டது விதிதானே என்று கேட்கலாம். தற்செயல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு உயிர்கள் ஒரே கடிதத்தை நம்பியிருக்கும்படி செய்தது பெரியவர்கள் காத்த மௌனம். கல்யாண நாளைச் சொல்ல பாரிஸே லாரன்ஸைத் தேடி வருகிறான். ஜூலியட் இன்னொருவன் மனைவி என்று அப்போதே சொல்லியிருக்கலாம். பாதிரியார் தமக்குள் முணுமுணுத்துக்கொண்டு நிறுத்திவிடுகிறார். கல்லறையில் அவள் கண்விழித்த பிறகும், காவலர் வரும் அரவம் கேட்டு அவளை விட்டு ஓடுகிறார். காதலுக்குத் தூது போன செவிலியோ, ரோமியோவை விட்டுவிட்டு பாரிஸைக் கட்டிக்கொள் என்கிறாள். அதன்பின் அந்த வீட்டில் ஜூலியட் மனம்விட்டுப் பேச ஒருவரும் இல்லை. ரோமியோ குற்றமற்றவன் என்று நான் வாதாடவில்லை. டைபால்ட்டைக் கொன்றவன் அவன். வேலைக்காரன் சொன்ன சாவுச் செய்தியை விசாரிக்காமல் விஷம் வாங்கியவனும் அவன்தான். ஆனால் அவன் முதலில் வாளெடுக்க மறுத்தான் என்பதையும், வாளெடுத்தே தீரவேண்டிய தெருவை உருவாக்கி வைத்தவர்கள் யார் என்பதையும் சேர்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

ஷேக்ஸ்பியருக்கு மூலமாக இருந்த ஆர்தர் புரூக்கின் 1562 கவிதை, தன் முன்னுரையில் பெற்றோர் சொல் கேளாத காதலர்களைத்தான் கண்டிக்கிறது. அதில் மாதக்கணக்கில் நடப்பதை ஷேக்ஸ்பியர் ஐந்து நாளுக்குள் அடக்கினார். பதினாறு வயதுப் பெண்ணைப் பதின்மூன்று வயதுக்காரி ஆக்கினார். பெண்ணின் வயது குறையக் குறைய, சுற்றியிருப்பவர்களின் பொறுப்பு கூடுகிறது. புரூக்கின் முடிவில் செவிலி நாடுகடத்தப்படுகிறாள், விஷம் விற்றவன் தூக்கில் தொங்குகிறான், தந்தையருக்குத் தண்டனை எதுவும் இல்லை. ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் வெரோனாவின் இளவரசரோ தண்டனை எல்லோருக்கும் விழுந்துவிட்டது என்கிறார். இரு குடும்பங்களின் பகையைக் கண்டும் காணாமல் இருந்த தம்மையும் அதில் சேர்த்துக்கொள்கிறார். இந்த நாடகத்தைப் பிள்ளைகளுக்கான எச்சரிக்கையாக நடத்தும் ஆசிரியர்கள் அந்தக் கடைசிக் காட்சியைப் பெற்றோருக்கும் ஒருமுறை வாசித்துக் காட்ட வேண்டும்.