சிவாஜியும் ஓவர் ஆக்டிங்கும் நானும்

முதல்ல ஒரு வாக்குமூலம் குடுத்துடறேன். "சிவாஜியா? ஐயோ, ஓவர் ஆக்டிங் பாஸ்"னு போற இடமெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சவங்கள்ல நானும் ஒருத்தன். அதுவும் சும்மா இல்ல, கன்னத்தை ஆட்டி, உதட்டைத் துடிக்க வெச்சு மிமிக்ரி வேற பண்ணிக் காட்டுவேன். காலேஜ் ஹாஸ்டல்ல அதுக்கு ரசிகர் கூட்டமே இருந்துச்சு.

ஆனா இதுக்கெல்லாம் முன்னாடியே ஒரு பாவம் பண்ணியிருக்கேன். 2012-ல 'கர்ணன்' படத்தை டிஜிட்டல்ல புதுப்பிச்சு மறுபடி ரிலீஸ் பண்ணாங்க இல்லையா, அப்ப எனக்குப் பதினஞ்சு வயசு. அப்பா எங்க எல்லாரையும் மதுரைக்குக் கூட்டிட்டுப் போனாரு. சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கிட்டு ஏதோ கல்யாணத்துக்குப் போற மாதிரி கிளம்பினாரு மனுஷன். படம் ஓட ஆரம்பிச்ச பத்தாவது நிமிஷத்துல இருந்து நானும் மாமா பையனும் சிரிக்க ஆரம்பிச்சோம். கிரீடத்தைப் பாத்து ஒரு சிரிப்பு, வசனத்தைக் கேட்டு ஒரு சிரிப்பு. கர்ணன் அம்பு பட்டுக் கிடக்குறான், கிருஷ்ணன் வந்து அவன் செஞ்ச தர்மத்தோட பலனையெல்லாம் தானமா கேக்குறாரு. தியேட்டரே மூக்கை உறிஞ்சிட்டு இருக்கு. நாங்க ரெண்டு பேரும் கர்ச்சீப்பை வாயில வெச்சு சிரிப்பை அடக்கிட்டு இருக்கோம்.

அப்பா ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா பரவாயில்லை. அதுக்கப்புறம் வீட்டுல டிவியில சிவாஜி படம் ஓடிட்டு இருக்கும்போது நான் ஹாலுக்குள்ள வந்தா, ரிமோட்டை எடுத்து நியூஸுக்கு மாத்திருவாரு. ஏதோ தப்பு பண்ணிட்டு இருந்த மாதிரி. இது பல வருஷம் நடந்துச்சு. எனக்கு அது புரியவே ரொம்ப நாள் ஆச்சு.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

ஆபீஸ்ல ஒருநாள் சாப்பாட்டு நேரத்துல வழக்கம் போல சினிமாப் பேச்சு. 'ஆவேசம்' (2024) படத்துல பகத் பாசில் ரங்காவா பண்ணினதைப் பத்தி ஒரே புகழ்ச்சி. "கத்துறான், ஆடுறான், அழறான், மிரட்டுறான், என்னா நடிப்பு!" அப்படியே பேச்சு 'மார்க் ஆண்டனி' (2023) எஸ்.ஜே.சூர்யாவுக்குப் போச்சு, அங்கேருந்து 'டார்க் நைட்' (2008) ஜோக்கருக்குப் போச்சு. எல்லாத்துக்கும் நான்தான் முதல்ல கைதட்டினேன். அப்புறம் யாரோ சிவாஜி பேரை எடுக்க, நான் வழக்கம் போல என் மிமிக்ரியை எடுத்து விட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. கை கழுவப் போனப்பதான் உறைச்சது. அஞ்சு நிமிஷம் முன்னாடி நான் கைதட்டினது எல்லாமே ஓவர் ஆக்டிங்தானேய்யா? ரங்கா என்ன முகத்தை அசைக்காமயா நடிச்சாரு?

அப்ப நமக்குப் பிரச்சினை சத்தமா நடிக்கிறது இல்ல. பழசா இருக்கிறதுதான் பிரச்சினை. அதை நேரா சொல்லாம, நடிப்பைப் பத்தின விமர்சனம் மாதிரி வேஷம் கட்டிச் சொல்லிட்டு இருக்கோம்.

இன்னொரு கோளாறும் இருக்கு. நான் பாத்த சிவாஜி எல்லாம் ரெண்டு நிமிஷ சிவாஜி. 'தங்கப்பதக்கம்'ல ரெண்டு நிமிஷம், 'பாசமலர்'ல ரெண்டு நிமிஷம், எல்லாமே உணர்ச்சி உச்சத்துல இருக்குற துண்டுகள். ஒரு லட்சம் வரி லாக் ஃபைல்ல எர்ரர் வர்ற ஒரே ஒரு வரியை மட்டும் எடுத்து வெச்சுக்கிட்டு "இந்த சிஸ்டம் எப்பவுமே இப்படித்தான்"னு சொன்னா டீம் லீடர் சும்மா விடுவாரா? சினிமாவுக்கு மட்டும் அதைத் தைரியமா செய்யறோம்.

அந்த வாரக் கடைசியில வீம்புக்கு உக்காந்து 'அந்த நாள்' பாத்தேன். 1954-ல வந்த படம். ஏவி.எம். தயாரிப்பு, வீணை எஸ்.பாலசந்தர் இயக்கம். பாட்டு கிடையாது, டான்ஸ் கிடையாது, சண்டை கிடையாது. 1943-ல சென்னையில ஜப்பான்காரன் குண்டு போட்ட சமயம், ராஜன்ங்கிற ரேடியோ இன்ஜினியர் சுடப்பட்டுச் செத்துக் கிடக்கறான். விசாரணையில ஒவ்வொருத்தரும் அவனைப் பத்தி ஒரு கதை சொல்றாங்க. அந்த ராஜன்தான் சிவாஜி. நாயகன் இல்ல, தேசத்தைக் காட்டிக் குடுக்குற துரோகி. 'பராசக்தி' வந்து ரெண்டே வருஷத்துல இப்படி ஒரு வேஷம் கட்ட எவ்வளவு தில்லு வேணும்! அப்ப அவருக்கு இருபத்தஞ்சு வயசு. (என்னைவிடச் சின்னவரு. நான் இன்னும் பக் ஃபிக்ஸ் பண்ணிட்டு இருக்கேன்.)

அதுல எங்கயும் கன்னம் ஆடலை. அலட்சியமா ஒரு பார்வை, பொண்டாட்டிகிட்ட பேசும்போது ஒரு அவசரம், அவ்வளவுதான். சுத்தியிருக்கவங்க தன்னோட திறமையைக் கண்டுக்கலைங்கிற கோபம் ராஜனுக்கு. அப்ரைசல் முடிஞ்சு வெளிய வர்ற எந்த இன்ஜினியர் முகத்துலயும் அந்தக் கோபத்தைப் பாக்கலாம். துரோகத்துக்கு அது நியாயம் ஆகாதுதான், ஆனா அவன் எப்படி அங்க போய்ச் சேந்தான்னு நமக்குப் புரியுது. கொலைகாரன் யாருன்னு சொல்ல மாட்டேன். எழுபது வருஷம் ஆனாலும் ஸ்பாய்லர் ஸ்பாய்லர்தான்.

அப்ப இருபத்தஞ்சு வயசுலயே அடக்கி வாசிக்கத் தெரிஞ்ச ஆளு, மத்த படத்துல ஏன் அப்படி நடிச்சாரு? எனக்குத் தோணுற பதில் இது. அவரு சின்ன வயசுலயே நாடகக் கம்பெனிக்குப் போனவரு. 'சிவாஜி'ங்கிற பேரே அண்ணாதுரை எழுதின நாடகத்துல மராட்டிய மன்னரா நடிச்சதைப் பாத்துப் பெரியார் குடுத்தது. மேடையில கடைசி வரிசையில உக்காந்திருக்கவனுக்கும் முகபாவம் போய்ச் சேரணும். சினிமாவுக்கு வந்தப்பவும் நிலைமை பெருசா மாறலை. டூரிங் டாக்கீஸ்ல மணல் குவிச்சு உக்காந்து, கரகர ஸ்பீக்கர்ல, நடுநடுவுல ரீல் மாத்துற இடைவெளியோட பாத்த கூட்டத்துக்காக நடிச்சது அது. நாம ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு ஆறு இஞ்சு ஸ்கிரீனை மூக்குகிட்ட வெச்சுப் பாத்துட்டு "சத்தமா இருக்கே"ங்கறோம்.

அதோட கதாபாத்திரமும் இருக்கு இல்லையா. 'தில்லானா மோகனாம்பாள்' (1968) சிக்கல் சண்முகசுந்தரம் ஒரு நாதஸ்வர வித்வான். கர்வி, முன்கோபி, சந்தேகப் பேர்வழி. உண்மையில வாசிச்சது மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்கள். ஆனா சிவாஜியோட கன்னத்தையும் விரலையும் பாத்தா அவருதான் வாசிக்கிறாருன்னு சத்தியம் பண்ணலாம். அந்த ஆளு அடக்கமா, மூக்கால பேசிட்டு இருந்தா அதுதான் தப்பான நடிப்பு.

இதுக்காக எல்லாப் படத்துக்கும் சப்பைக்கட்டு கட்டலை. எழுபதுகளோட கடைசியில வந்த சில படங்களை என்னால அரை மணி நேரம் தாண்ட முடியலை. 'திரிசூலம்' (1979) அவரோட இருநூறாவது படம், பெரிய வெற்றி, மூணு வேஷம். நான் ரெண்டாவது வேஷத்துலயே எழுந்து போய் டீ போட்டுட்டேன். ஆனா அங்க தப்பு அவரு ஒருத்தர்மேல மட்டும் இல்லைன்னு நினைக்கிறேன். அவருகிட்ட கம்மியா கேக்கறதுக்கு ஆளே இல்லாம போச்சு. கேட்டப்ப என்ன ஆச்சுன்னு 'முதல் மரியாதை' (1985) பாத்தா தெரியும். பாரதிராஜா கேட்டாரு, குடுத்தாரு. 'தேவர் மகன்' (1992) பத்தி நான் சொல்லவே வேண்டாம்.

'முதல் மரியாதை'யைத்தான் போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப அப்பாகூட உக்காந்து பாத்தேன். ராத்திரி சாப்பாடு முடிஞ்சு, நானே டிவியில போட்டேன். அவரு என்னை ஒரு தினுசா பாத்தாரு. "நீ பாப்பியாடா இதெல்லாம்?"னு கேட்டாரு. அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியலை, "சும்மா"ன்னேன்.

குயிலுக்காக மலைச்சாமி அந்த இளவட்டக்கல்லைத் தூக்கற இடம் வந்துச்சு. வயசான மனுஷன், யாரும் பாக்கலைன்னு நினைச்சுக்கிட்டு முயற்சி பண்றாரு. தூக்கிட்டு அந்த முகத்துல ஒரு குழந்தைச் சந்தோஷம் வரும் பாருங்க, அப்புறம் ஒரு வெக்கம். சிரிப்புதான் வந்துச்சு எனக்கு, ஆனா இது வேற சிரிப்பு. திரும்பிப் பாத்தா அப்பா டிவியைப் பாக்கலை, என்னைத்தான் பாத்துட்டு இருந்தாரு. நான் எதுக்குச் சிரிக்கிறேன்னு கண்டுபிடிக்கற மாதிரி.

"நல்லா இருக்குப்பா"ன்னேன். பன்னெண்டு வருஷத்துக்கு மேல லேட்டு.

அதுக்கப்புறம் மனுஷன் வாயைத் திறந்தாரு பாருங்க, ராத்திரி ஒரு மணி வரைக்கும் மூடலை. 'கௌரவம்' பாரிஸ்டர் நடக்கற நடை பத்தி இருபது நிமிஷம், எழுந்து நடந்து வேற காட்டினாரு. நான் பயந்துக்கிட்டே 'திரிசூலம்' பேரை எடுத்தேன். "ச்சே, அதெல்லாம் ஒரு படமாடா? கணேசன் அதுல ரொம்ப ஓவரு. எனக்கே பிடிக்கலை"ன்னாரு. அப்படியே விட்டிருந்தா சரி. "நாலு வாட்டி பாத்தேன், நாலு வாட்டியும் பிடிக்கலை"ன்னாரு பாருங்க, அங்க நிக்கறாரு ரசிகன். எந்தப் படத்துல எந்தக் காட்சி தூக்கல்னு அவருகிட்ட ஒரு முழு லிஸ்டே இருக்கு. நான் ஹாஸ்டல்ல பண்ணின மிமிக்ரியைவிட அது ஆயிரம் மடங்கு கறாரான விமர்சனம்.

இதுல ஒரே ஒரு சிக்கல். 'அந்த நாள்' பாக்கலாம்ப்பான்னா ஒத்துக்க மாட்டேங்கறாரு. இவ்வளவு பெரிய ரசிகர், அந்தப் படத்தை இதுவரைக்கும் பாத்ததே இல்லையாம். ஏன்னு கேட்டா, "பாட்டே இல்லாத படத்தை எவன்டா பாப்பான்?"ங்கறாரு.

அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப லேப்டாப்புல போட்டு எடுத்துட்டுப் போறேன். அம்மாகிட்ட இப்பவே சொல்லி வெச்சாச்சு, ரிமோட்டை ஒளிச்சு வைக்கச் சொல்லி.