குளிர்பதனக் கிடங்கு: மானியத்துக்கு முன் மண்ணைப் பார்க்க வேண்டும்

'எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் 500 டன் குளிர்பதனக் கிடங்கு கட்ட இருக்கிறது. நெடுஞ்சாலையை ஒட்டி, ஏரிக்குக் கீழே நஞ்சை நிலம் ஒன்று மலிவாக வருகிறது. மயிலம் பக்கம் மேட்டுப் புஞ்சை ஒன்றும் இருக்கிறது. அது விலை கூடுதல், ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே. எதை வாங்கலாம்? மானியம் எவ்வளவு கிடைக்கும்?'

- திண்டிவனம் வட்ட வாசகர்கள்

மானியத்தை முதலில் சொல்லிவிடலாம். ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கத்தில் சமவெளி மாவட்டங்களுக்கு 35 சதவீதம். வேளாண் உள்கட்டமைப்பு நிதியில் 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 7 ஆண்டுகள் 3 சதவீத வட்டிச் சலுகை. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. 35 சதவீதம் என்பது செலவான தொகைக்கு அல்ல. டன்னுக்கு இவ்வளவு என்று அரசு வைத்திருக்கும் அலகு விலைக்கு. அஸ்திவாரத்தில் எதிர்பாராமல் 20 லட்சம் கூடுதலாகப் புதைந்தால் அதில் ஒரு ரூபாய்கூட மானியமாகத் திரும்பாது. அது முழுக்க உறுப்பினர்களின் பங்குப் பணம். மலிவு நிலம் உண்மையிலேயே மலிவா என்பது தரைக்குக் கீழேதான் தெரியும்.

வீட்டுத் தளத்துக்கு இன்ஜினீயர்கள் சதுர மீட்டருக்கு 200 கிலோ பாரம் கணக்கில் எடுப்பார்கள். குளிர்பதனக் கிடங்குக்கு டன்னுக்கு 3.4 கன மீட்டர் அறை என்பது வழக்கமான கணக்கு. 500 டன்னுக்கு 1,700 கன மீட்டர். ஏழு மீட்டர் உயரம் வைத்தால் தளம் சுமார் 243 சதுர மீட்டர். அதாவது சதுர மீட்டருக்கு இரண்டு டன்னுக்கு மேல் சரக்கு, வீட்டைப் போல பத்து மடங்கு. இரும்பு அடுக்கு போட்டால் இந்தப் பாரம் பரவி நிற்காது. உள்ளங்கை அகலத் தகடு வைத்த கால்களில் தனித்தனியாக இறங்கும். கல்யாண மண்டபம் கட்டிய மேஸ்திரியின் அனுபவம் இதற்குப் போதாது.

விழுப்புரம் மாவட்டத்தில் பத்து மைலுக்கு ஒரு மண். செஞ்சிப் பக்கம் செம்மண்ணும் பாறையும். திண்டிவனத்தைச் சுற்றிக் கருங்கல் குவாரிகள் இருக்கும் ஊர்களில் நாலடி தோண்டினாலே பாறை தட்டும், பக்கத்துக் கொல்லையில் பத்தடியிலும் தட்டாது. திருவக்கரையில் கல்மரங்கள் கிடக்கும் மணற்கல் பூமி. மரக்காணத்தில் உப்பு கலந்த கடற்கரை மணல். தென்பெண்ணைக் கரையில் வண்டல். ஏரிப் பாசன நஞ்சைகளில் களி. நெடுஞ்சாலை ஓரம் கிடங்கும் கல்லூரியும் லாரி ஷெட்டும் வேகமாக வந்துகொண்டிருக்கின்றன. திண்டிவனம் அருகே சிப்காட் உணவுப் பூங்காவும் வந்துவிட்டது. ரோட்டோர நிலத்துக்குப் போட்டி கூடக்கூட, நஞ்சைக் களி விற்பனைக்கு வருவதும் கூடுகிறது.

களி நெல்லுக்கு நல்லது, கிடங்குக்கு எதிரி. மழையில் வீங்கும், சித்திரை வெயிலில் வெடிக்கும். கட்டடத்தின் ஓரங்களில் மண் நனைந்து வீங்கும்போது நடுத்தளத்துக்குக் கீழே மண் உலர்ந்தே இருக்கும். அதனால் தளம் கோணும். சாதாரண குடோனில் இதனால் விரிசல்தான் விழும், பூசிவிடலாம். குளிர் அறையில் சுவருக்கும் தரைக்கும் இடையிலுள்ள மூட்டு திறந்துகொள்கிறது. வெளியே உள்ள ஈரக் காற்று எப்போதும் குளிர்ந்த பக்கம் நோக்கியே இழுபடும். அந்த ஈரம் 'பஃப்' தகட்டுக்குள்ளும் தரையின் வெப்பத்தடுப்புக்குள்ளும் நீராகத் தங்கினால், தடுப்பு வேலை செய்யாது. கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடும், கூலரில் பனி கட்டும். மெக்கானிக் வந்து கேஸ் நிரப்பிவிட்டுப் போவார். மின் கட்டணம் குறையாது, ஏனென்றால் கோளாறு மெஷினில் இல்லை.

களிதான் கிடைக்கிறது என்றால் வழி இல்லாமல் இல்லை. ரூர்க்கி மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய 'அண்டர்ரீம் பைல்', அதாவது அடியில் குடம் போல உப்பிய கான்கிரீட் தூண், ஆழமான களியில் குறைந்தது மூன்றரை மீட்டர் இறங்க வேண்டும். ஆனால் தூண்களைப் பைலில் நிறுத்திவிட்டுத் தளத்தை மட்டும் களியின் மேலேயே போட்டுவிடுகிறார்கள். கூரை அசையாமல் நிற்கும், தளம் தூக்கிக்கொள்ளும். தளத்தையும் பைல்மேல் தாங்க வேண்டும், அல்லது களியை ஒரு மீட்டர் வரை எடுத்துவிட்டு வீங்காத கிராவல் மண்ணைக் கெட்டிக்க வேண்டும். இரண்டுமே பெரிய செலவு.

இன்னொரு விஷயம், லாரி மட்டம். சரக்கு ஏற்றி இறக்கத் தளம் தரையிலிருந்து நாலடி உயரத்தில் இருக்க வேண்டும். ஆகவே எந்த மண்ணானாலும் கிடங்கின் தளம் நிரப்பிய மண்ணின் மேல்தான் உட்காருகிறது. ஏரி வண்டல் இலவசமாகக் கிடைக்கிறது என்று இங்கே கொட்டக் கூடாது. அது வயலுக்குப் போகட்டும். கிராவலை அரையடி, முக்காலடி கனத்தில் பரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டி, பிறகுதான் அடுத்த அடுக்கு. முடிந்தால் ஒரு மழைக்காலம் விட்டு வைத்துத் தளம் போடலாம்.

எவ்வளவு உயர்த்துவது? 2024 ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் அரசூரில் நெடுஞ்சாலையிலேயே ஏறிப் போக்குவரத்து நின்றது. அந்த வெள்ளம் எதுவரை வந்தது என்று பக்கத்துக் கொல்லைக்காரரைக் கேட்டு, அந்தக் கோட்டுக்கு மேலே தளமும் ஜெனரேட்டரும் டிரான்ஸ்ஃபார்மரும் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ஏரிக்குக் கீழே உள்ள நஞ்சையில் இந்தக் கணக்கே நிரப்பும் செலவை இரட்டிப்பாக்கும். நில வகை மாற்ற அனுமதி தனி அலைச்சல்.

மேட்டுப் புஞ்சைதான் நல்லது என்று தோன்றும். பெரும்பாலும் அதுதான் சரி, ஒரு நிபந்தனையோடு. கட்டடத்தின் ஒரு பாதி பாறையிலும் மறுபாதி ஆழமான மண்ணிலும் உட்காரக் கூடாது. மண்மேல் நிற்கும் பாதி இறங்கும், பாறைமேல் நிற்கும் பாதி இறங்காது. இரண்டும் சேரும் கோட்டில் தளம் பிளக்கும். முன்பணம் கொடுப்பதற்கு முன் உரிமையாளரின் சம்மதத்தோடு நான்கு மூலையிலும் நடுவிலும் ஜேசிபி வைத்துப் பத்தடிக் குழி எடுத்துப் பார்த்துவிடலாம். அரை நாள் வாடகைதான்.

குழியில் எடுத்த மண்ணை வீட்டிலேயே சோதிக்கலாம். நன்றாகக் காயவைத்துப் பொடித்து, மாவுச் சல்லடையில் சலித்து, ஒரே அளவாக இரண்டு கண்ணாடிக் குவளைகளில் போட வேண்டும். ஒன்றில் சுத்தமான தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய் ஊற்றி, குமிழி போகக் கலக்கி, 24 மணி நேரம் அசைக்காமல் வைக்க வேண்டும். மண்ணெண்ணெயில் மண் வீங்காது. தண்ணீரில் உள்ள மண் அதைவிட ஒன்றரை மடங்கு உயரம் நின்றால் எச்சரிக்கை. இரண்டு மடங்கானால் அந்த நிலத்தை விட்டுவிடுவதே மேல். இது நிலத்தைக் கழிக்க மட்டும் உதவும். வாங்க முடிவானதும் குறைந்தது மூன்று இடத்தில் துளை போட்டு, தாங்குதிறன் அறிக்கை வாங்க வேண்டும். வேளாண் துறையின் மண்வள அட்டை இதைச் சொல்லாது. விழுப்புரம், திண்டிவனம் பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரிகளின் சிவில் துறையில் கேட்டுப் பார்க்கலாம்.

என்ன வைக்கப் போகிறார்கள் என்பதும் தளத்தைத் தீர்மானிக்கிறது. புளி, மிளகாய் வற்றல், காய்கறி எல்லாம் பூஜ்ஜியத்துக்கு மேல் உள்ள குளிர். மரக்காணம் இறாலையும் உறைநிலையில் வைக்கலாம் என்ற எண்ணம் இருந்தால், தளத்துக்குக் கீழே காற்றுக் குழாயோ சூடேற்றும் கம்பியோ அமைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் சில ஆண்டுகளில் அடிமண்ணின் ஈரம் பனிக்கட்டியாகித் தளத்தைத் தூக்கும். நுண்மண்ணில் இது அதிகம், கிராவலில் குறைவு. பின்னால் சேர்க்க முடியாத வேலை இது.

தர்பூசணிக்காக மட்டும் 500 டன் வேண்டாம். 10 டிகிரிக்குக் கீழே அது கெடும், சரியான குளிரிலும் இரண்டு மூன்று வாரம்தான் தாங்கும். அதற்கு வயலோரப் பத்து டன் குளிர் அறையே போதும். அதற்குப் பைலும் வேண்டாம்.