மார்பினுள் ஒரு பள்ளி

தமிழ் கற்பிப்பவனுக்கு உடல்நூலில் என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். என் வகுப்பிலே அடிக்கடி காய்ச்சலென்று வராது நின்றுவிடும் மாணவன் ஒருவன் உளன். காலையில் வெறுந் தேத்தண்ணீர், நண்பகலில் ரொட்டித் துண்டு. இதுவே அவனது உணவு. அவனிருக்கை வெறுமையாய்க் கிடப்பதைக் காணுந்தோறும் எழுந்த ஐயமே என்னை அந்நூல்களைப் புரட்டச் செய்தது.

மார்பெலும்பின் பின்னே, இருதயத்துக்குச் சற்று மேலாகத் தைமசு என்றொரு சுரப்பி இருக்கிறது. நெடுங்காலம் இதனைப் பயனற்றதென்றே அறிஞர் கருதினர். 1961ஆம் ஆண்டில் இலண்டனில் ஆராய்ந்த ஜாக் மில்லர், அப்போதுதான் பிறந்த சுண்டெலிகளினின்றும் இதனை அகற்றினார். அவை நலிந்து நோய்க்கு இரையாயின. வேற்றெலியின் தோலை ஒட்டினும் மறுக்கும் வலிமையற்றிருந்தன. உடலின் காவற்படை பயிலுமிடம் இதுவென்பது அதன் பின்னரே துலங்கிற்று.

அப்படையுள் ஒரு வகுப்பு கொல்லிக் கலங்கள். ஆட்கொல்லி, உயிர்க்கொல்லி என அச்சந்தரும் சொல்லேயாயினும் இக்கொல்லி நமக்கு உறவு. வைரசு புகுந்த கலத்தையும் புற்றாய் மாறிய கலத்தையும் இனங்கண்டு, துளையிட்டு மாய்ப்பது இதன் பணி. என்பு மச்சையிற் பிறந்து தைமசுவை அடையும் இளங்கலங்களுக்கு அங்கே இரு தேர்வுகள் உண்டு. உடலின் கலங்கள் தாங்கிநிற்கும் அடையாளப் புரதத்தை அறியத் தெரிகிறதா என்பது முதலாவது. தெரியாதது அங்கேயே மடியும். தன்னுடலையே பகையெனப் பற்றுகிறதா என்பது இரண்டாவது. அவ்வாறு பற்றுவதும் பெரும்பாலும் மடியும். நூற்றுக்கு ஐந்துகூடத் தேறுவதில்லை. பவணந்தி முனிவர் கடைமாணாக்கரை எருமைக்கும் ஓட்டைக் குடத்துக்கும் ஒப்பிட்டதோடு அமைந்தார். தைமசுவோ அத்துணை இரக்கமுடைய ஆசிரியனன்று.

இப்பள்ளி குழந்தைப் பருவத்திலேதான் முழுமூச்சாய் நடைபெறுகிறது; பின்னர்ச் சிறிது சிறிதாகச் சுருங்கிக் கொழுப்பாகிறது. உணவு கடுமையாகக் குறையுமாயின் பிள்ளைப் பருவத்திலேயே சுருங்கிவிடுகிறது. பொலிவியா நாட்டில் கடும் ஊட்டக்குறைவுற்ற குழந்தைகளை ஆராய்ந்த மருத்துவர், ஏறத்தாழ ஒரு திங்களில் உடம்பு தேறியபோதும் தைமசு தேற இரு திங்கள் சென்றதைக் கண்டனர்.

இலங்கையில் 2016ஆம் ஆண்டு எடுத்த குடித்தொகை சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோருள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடளவில் நூற்றுக்குப் 17 பேர். தோட்டப்புறங்களில் 32 பேர். அவர் ஒவ்வொருவரின் தைமசுவும் சுருங்கிற்றென்று கூற யான் துணியேன். ஆனால் உயரத்தைக் குறைத்த பசி, மார்பெலும்புக்கு வெளியே நின்றுவிடும் என்று நம்பவும் இயலவில்லை.

நுவரெலியா, அட்டன் மலைகளிலே தாய்மார் கொழுந்தெடுக்கச் செல்கையில் குழந்தைகளைப் பிள்ளை மடுவத்தில் விட்டுச் செல்கின்றனர். தேயிலையின் ஏற்றுமதிக் கணக்குப் பேசுவோர் அம்மடுவத்தின் உலைமூடியையும் திறந்து பார்த்தல் வேண்டும். நாடொறும் அங்கே முட்டையும் பருப்பும் பாலும் கிடைக்கச் செய்வது தோட்ட நிர்வாகங்களுக்கும் அரசுக்கும் உரிய கடன். எடை குறைந்த பிள்ளைகளுக்குத் திரிபோஷ வழங்குவோரிடம் எனக்கொரு வேண்டுகோளும் உண்டு: தராசு முள் ஏறிற்றென்று அன்றே நிறுத்திவிடாது, இன்னும் ஒரு திங்களேனும் கொடுத்து வாருங்கள்.