உபயம் கேட்கிறேன்: ஒரு டிவிடி டிரைவ்

கொஞ்சம் நீளமான பதிவு. கோயில் நிர்வாகத்துல இருக்கிறவங்க மட்டுமாவது பொறுமையா படிச்சிடுங்க.

கோயில் ஆபீஸுக்கு வந்திருக்கிற புது டெஸ்க்டாப்ல சிடி போடுற இடமே இல்ல. இப்ப விக்கிற கம்ப்யூட்டர்ல பெரும்பாலும் அது கிடையாது. அதனால யூஎஸ்பில மாட்டுற டிவிடி டிரைவ் ஒன்னு வாங்கலாம்னு செயலவை வாட்சாப்ல போட்டேன். "இந்தக் காலத்துல யாரு சிடி பாக்குறா?"ன்னு பதில் வந்துச்சு. நியாயமான கேள்விதான். யாரும் பாக்கிறதில்ல. அதனாலதான் இப்பவே வாங்கணும்னு சொல்றேன்.

ஆபீஸ் அலமாரியில மூனு பிஸ்கட் டின் நிறைய சிடி இருக்கு. 2004 கும்பாபிஷேகம் விசிடில, 2016 கும்பாபிஷேகம் டிவிடில. நடுவுல திருவிழாக்கள், பிள்ளைங்க தேவாரம் பாடின போட்டிகள். 2004ல யாகசாலையில நின்ன பெரிய குருக்கள் இன்னிக்கு இல்ல. அன்னிக்கு அன்னதானத்துக்குக் காய் நறுக்கின பாட்டிமார்கள்ல பாதிப் பேர் இல்ல. அவங்க முகமும் குரலும் இருக்கிற ஒரே இடம் அந்தத் தட்டுதான்.

கடையில விக்கிற பாட்டு சிடி அச்சடிச்சது. வீடியோக்காரர் நமக்குக் கொடுத்தது அப்படி இல்ல, ஒரு சாயப் பூச்சு மேல லேசரால எழுதினது. வெளிச்சமும் புழுக்கமும் அந்தச் சாயத்தைக் கெடுத்துடும். நம்ம ஊர்ல ரெண்டுக்கும் குறைச்சல் இல்ல. இன்னும் அஞ்சு வருஷம் கழிச்சுப் பாத்துக்கலாம்னா, அப்ப டிரைவ் இருக்கும், தட்டுல படம் இருக்காது.

சரி, எதை வாங்குறது? என் கருத்தைச் சொல்றேன்.

முதல்ல, புளூ-ரே டிரைவ் வேணாம். விலை பல மடங்கு. டின்ல இருக்கிறதெல்லாம் 700 எம்பி சிடியும் 4.7 ஜிபி டிவிடியும்தான். சாதாரண டிவிடி டிரைவே ரெண்டையும் படிக்கும். சோனி நிறுவனமே 2025 பிப்ரவரியோட எழுதக்கூடிய புளூ-ரே தட்டு தயாரிப்பை நிறுத்திடுச்சு. டின்னைக் கொட்டிப் பார்த்து புளூ-ரே தட்டு ஒன்னாவது இருந்தா மட்டும் அதைப் பத்திப் பேசலாம்.

ரெண்டாவது, தட்டை வாயில சொருகுற மாடல் வேணாம். டிரே வெளியில வர்ற மாடல்தான் வேணும். சில பழைய கையடக்க வீடியோ கேமராவுல வர்ற 8 செ.மீ. குட்டி டிவிடியைச் சொருகுற டிரைவ்ல போட்டா மாட்டிக்கிடும். டிரேயில நடுக்குமிழ்ல அழுத்தி வச்சா நிக்கும்.

மூனாவது, கரண்ட். மெல்லிசான டிரைவுக்குத் தனி பிளக் கிடையாது, யூஎஸ்பில இருந்துதான் எடுத்துக்கும். யூஎஸ்பி 2.0 துளை தர்றது 500 மில்லிஆம்பியர், 3.0 தர்றது 900. தட்டு சுத்த ஆரம்பிக்கும்போதுதான் இழுவை அதிகம். "டிரைவ் கெட்டுப்போச்சு"ன்னு திருப்பிக் கொடுக்கிறதுல பல, ஹப்ல மாட்டினதால வர்ற கோளாறு. கம்ப்யூட்டருக்குப் பின்பக்கத் துளையில நேரா மாட்டுங்க. மெமரி கார்டு, கூடுதல் யூஎஸ்பி துளை எல்லாம் ஒட்டவச்ச டிரைவும் வேணாம். இருக்கிற கரண்டையும் அது பங்கு போட்டுக்கும்.

டெஸ்க்டாப் மேசையை விட்டு நகரப் போறதில்ல. அதனால மெல்லிசா, அழகா இருக்கணும்னு அவசியமே இல்ல. யார் வீட்டு ஸ்டோர்லயாவது பழைய கம்ப்யூட்டர் கிடந்தா, அதுல இருக்கிற பெரிய சாட்டா டிவிடி டிரைவைக் கழட்டி, தனி அடாப்டரோட வர்ற யூஎஸ்பி மாத்தி ஒன்னு போட்டாலும் போதும். கீறல் விழுந்த தட்டுக்கு ரெண்டு விதமான டிரைவ் கையில இருக்கிறது நல்லதுதான். ஒன்னு படிக்காததை இன்னொன்னு படிக்கும்.

புதுசா வாங்கினா எல்ஜி, ஆசுஸ் மாதிரி பேர் தெரிஞ்ச கம்பெனி டிரைவ் ஏறக்குறைய 100 முதல் 150 வெள்ளிக்குள்ள லோ யாட்லயே கிடைக்கும். பேரில்லாத மலிவு டிரைவ் வேணாம்.

"கடையில கொடுத்து மாத்திக்கலாமே"ன்னு ஒரு அண்ணன் கேட்டாரு. தட்டுக்கு இவ்வளவுன்னு காசு வாங்குவாங்க. மூனு டின்னுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க. அதைவிட, கோயில் தட்டு கோயிலை விட்டு வெளியே போகக்கூடாதுங்கிறது என் எண்ணம். தொலைஞ்சா யாரைக் கேக்கிறது? அதோட தேவார வகுப்புப் பிள்ளைங்க ரெண்டு பேர் சனிக்கிழமை உட்கார்ந்தா வேலை ஓடிடும். விசிடின்னா எம்பெக்ஏவி ஃபோல்டர்ல இருக்கிற கோப்பு, டிவிடின்னா வீடியோ_டிஎஸ் ஃபோல்டர் முழுசா, காப்பி எடுக்கணும். விஎல்சி இலவசம், ரெண்டையும் ஓட்டும். ஒரு ஹார்ட் டிஸ்க் ஆபீஸ்ல, இன்னொன்னு பொருளாளர் வீட்டுல. புதுத் தட்டுல மறுபடி எழுதி வைக்கிற வேலை வேணாம். இந்த டிரைவ் கிணத்துல இருந்து தண்ணி எடுக்கிற வாளி மாதிரி. தண்ணியைச் சேர்த்து வைக்க வேற பானை வேணும்.

வளைவு, விளக்கு, சீலிங் ஃபேன்னா உபயத்துக்குப் போட்டி நடக்குது, நல்ல விஷயம். பேர் எழுத இடம் இருக்கு. இந்த டிரைவ்ல பேர் எழுத இடம் இல்ல. ஆனா அடுத்த கும்பாபிஷேகம் 2028ல. அன்னிக்கு மண்டபத்துல திரை கட்டி 2004 படத்தை ஓட்டினா, தன் தாத்தாவைப் பாத்து அழப்போற பேரப்பிள்ளைங்க எத்தனை பேர்னு யோசிச்சுப் பாருங்க.

உபயம் ஏத்துக்கிறவங்க ஆபீஸ்ல சொல்லுங்க. உங்க வீட்டுல கோயில் சிடி இருந்தா அதையும் கொண்டாங்க, காப்பி எடுத்துட்டுத் திருப்பித் தந்துடுறோம்.

அன்பே சிவம்.