பயாஸில் போட்டது ஒன்று, பிராசசருக்குப் போவது ஒன்று

கணினிப் பாகங்களைத் தனித்தனியாக வாங்கிப் பொருத்தி, பிராசசரின் வேகத்தையும் தாங்களே கூட்டிப் பார்க்கும் ஆசை கோலா கங்சார் இளைஞர்களையும் விட்டுவைக்கவில்லை. இதற்கு ஓவர்கிளாக்கிங் என்று பெயர். வேகத்தைக் கூட்டினால் வோல்டேஜையும் சற்றுக் கூட்ட வேண்டிவரும். போதவில்லை என்றால் கணினி பாதியில் நின்றுவிடும். அதிகமானால் சூடேறி, நாளடைவில் பிராசசரே கெட்டுவிடும். சேர்த்து வைத்த ரிங்கிட்டைக் கொட்டி வாங்கிய பொருளாயிற்றே!

ஆகவே, திரையில் தெரியும் எண்களைப் படிக்கத் தெரிய வேண்டும். எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற மென்பொருளைத் திறந்தால் ஒரே பிராசசருக்கு இரண்டு மூன்று வோல்டேஜ் காட்டும். வி.ஐ.டி. என்பது பிராசசர் 'எனக்கு இவ்வளவு வேண்டும்' என்று கேட்கும் அளவு. கேட்டது கிடைத்ததா என்பதை அது சொல்லாது. விகோர் என்பது மதர்போர்டில் உள்ள சிப் அளந்து சொல்வது. அது சாக்கெட் பக்கத்தில் அளந்தால், வேலை கூடும்போது உண்மையைவிடச் சற்று அதிகமாகக் காட்டும். வி.ஆர். வவுட் என்ற வரியோ, டை-சென்ஸ் வசதியோ இருந்தால் அதையே நம்புங்கள்.

ஏன் இந்த வித்தியாசம்? கணக்கு எளிது. பயாஸில் 1.35 வோல்ட் வைத்திருக்கிறீர்கள். லோட்லைன் 1.1 மில்லிஓம். கனமான வேலையில் பிராசசர் 150 ஆம்பியர் இழுக்கிறது. இரண்டையும் பெருக்கினால் 0.165 வோல்ட். ஆக, பிராசசருக்குப் போய்ச் சேருவது 1.185 வோல்ட்தான். இந்த இறக்கத்தைக் குறைக்க லோட்லைன் கலிபரேஷன் உண்டு. அதை உச்சத்தில் வைத்தால், வேலை சட்டென்று முடியும் நொடியில் வோல்டேஜ் எகிறும்.

அந்த எகிறலைத் திரையில் பார்க்க முடியாது. எங்கள் வானொலி நிலையத்தில் பழைய வியூ மீட்டரின் முள் சராசரி ஒலியளவைத்தான் காட்டும்; திடீர் உச்சம் முள்ளுக்குப் பிடிபடாது. மென்பொருளும் அப்படித்தான். அது ஓரிரு நொடிக்கு ஒருமுறை பார்க்கிறது. எகிறலோ மைக்ரோ நொடிகளில் வந்து போய்விடும். மல்டிமீட்டர் சராசரியைத் துல்லியமாகக் காட்டும், அவ்வளவே. உச்சத்தைப் பிடிக்க ஆஸிலோஸ்கோப் வேண்டும். மல்டிமீட்டர் முனை சறுக்கி இரண்டு புள்ளிகளைத் தொட்டால் மதர்போர்டே போய்விடும், கவனம்.

வேகத்தைக் கூட்டாதவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. 1972-இல் நம் பக்கத்துப் பினாங்கில் தொழிற்சாலை திறந்த இன்டெல் நிறுவனத்தின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சில, அளவுக்கு மீறிய வோல்டேஜால் பழுதடைந்தன. 2024 ஆகஸ்டில் வந்த திருத்தம், பிராசசர் கேட்கும் அளவை 1.55 வோல்ட்டுக்குள் கட்டுப்படுத்தியது. உத்தரவாதமும் இரண்டு ஆண்டு நீட்டிக்கப்பட்டது. ஆனால், ஏற்கெனவே கெட்டதை அந்தத் திருத்தம் சரிசெய்யாது. அந்தப் பிராசசர் வைத்திருப்பவர்கள் முதலில் பயாஸைப் புதுப்பியுங்கள்.

மற்றவர்கள், கணினி சும்மா இருக்கும்போது ஒரு முறையும், முழுவேலை செய்யும்போது ஒரு முறையும் வோல்டேஜைக் குறித்துக்கொள்ளுங்கள். சோதனையை இரவு ஏர்கோன் அறையில் மட்டும் செய்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். நம்மூர் மதிய வெக்கையிலும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.