தாட்டி விட்ட கதை

போன சனிக்கிழமை அம்மா போன் பண்ணினாங்க. ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். "கண்ணு, அப்பாவ ராத்திரி பஸ்சுல தாட்டி உடறேன். சந்தாபுராவுல நின்னு கூட்டிக்க."

அறை நண்பர் சென்னைக்காரர். விழுந்து விழுந்து சிரிச்சார். "நீ கர்நாடகாவுல இருக்க, உங்கம்மாவுக்கு கன்னடம் வந்துடுச்சே! தமிழ்ல அனுப்புறேன்னு சொல்லக்கூடாதா?"

சுருக்குன்னு இருந்தது. ஏன்னா ஊரை விட்டு வந்ததும் நானே பயந்துகிட்டு கழட்டிப் போட்ட சொல் அது.

அவர் சொன்னதுல பாதி நியாயம் இருக்கு. எங்க வீட்டுக்கார அம்மா "ரோடு தாட்டி பன்னி" என்பார், கடந்து வாங்கன்னு அர்த்தம். தெலுங்கிலும் கடப்பதற்கு இதே சொல்தான். ரெண்டிலும் முதல் எழுத்தை மெத்தென்று சொல்வாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். நம்ம 'தாண்டு' இதுக்கெல்லாம் உடன்பிறப்பு.

ஆனா அம்மா சொன்னது 'கடப்பது' இல்லையே, 'கடக்க வைப்பது'! கன்னடத்தில் அதுக்கு 'தாட்டிசு'ன்னு ஒரு வாலைச் சேர்க்கணும். தமிழில் வால் வேண்டாம். பள்ளிக்கூடத்துல படிச்ச தன்வினை, பிறவினையை நினைச்சுப் பாருங்க. திருந்து – திருத்து, அடங்கு – அடக்கு, திரும்பு – திருப்பு. அதே அச்சில் தாண்டு – தாட்டு. கன்னடத்திடம் கடன் வாங்கியிருந்தா கொங்குப் பேச்சிலும் 'கட'ன்னுதானே பொருள் வந்திருக்கணும்? என் சிற்றறிவுக்கு எட்டியவரை இது நம்ம பட்டறையிலேயே அடிச்ச சொல்.

வெறும் சத்தத்தை வச்சு மட்டும் முடிவு கட்டக்கூடாது. ஈழத்தமிழர் பேச்சில் 'தாட்டாச்சு'ன்னா புதைச்சாச்சுன்னு அர்த்தம். அது 'தாழ்' என்பதிலிருந்து வந்தது, வேற குடும்பம். அதை எங்க 'தாட்டு'வோட முடிச்சுப் போட்டா வம்புதான் :-)

என் கட்சி இதுதான்: அகராதித் தமிழுக்கோ சென்னைத் தமிழுக்கோ ஒத்து வராததெல்லாம் கலப்படம் இல்லை. 'அனுப்பு' கடுதாசிக்கும் ஈமெயிலுக்கும் போதும். ஆளை பஸ் ஏத்தி, சீட் பிடிச்சுக் கொடுத்து, வண்டி நகர்றவரைக்கும் நிக்கிறதுக்குப் பேர்தான் எங்க ஊரில் தாட்டி விடறது. கோபியில் என்னை அப்படித்தான் தாட்டி விட்டாங்க.

விடிகாலை அத்திப்பள்ளி தாண்டி, சந்தாபுராவில் அப்பா இறங்கினார். கையில் முறுக்கு டப்பா. உடனே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, நீ தாட்டி உட்ட ஆளு வந்தாச்சு."

நண்பரும் பக்கத்துலதான் இருந்தார். முறுக்கு வாயில் இருந்ததால சிரிக்கலை.